பச்சையம்மாள் கடைக்கு எதிரில்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு குடும்பம். கணவனின் தோளில் ஒரு குழந்தை, மனைவியின் இடுப்பில் ஒன்று, பின்னால் தலையில் துணி மூட்டையோடு ஒரு வயதான அம்மாள். அவர்கள் நடந்து வந்தபோது மலை அவர்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது.

திருவண்ணாமலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலை சுற்ற வருகிறவர்கள் மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடப்பார்கள். காலில் முள் தைத்தாலும், மழை கொட்டினாலும் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்களே தவிர, திரும்பி எதிர்ப்பக்கம் நடக்க மாட்டார்கள். அன்றைக்குக் கார்த்திகை தீபம். மாலை ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறும். அதற்குள் சுற்றி முடித்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் எதிர்ப்பக்கமாக வந்தது. அதன் பின்னால் ஒரு பத்துப் பேர்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அதற்கு முன் ஒரு நாளிதழில் சில வருடம் நிருபராக இருந்துவிட்டு அரசு வேலைக்கு வந்திருந்தேன். என் துறைக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது, பிறகு இரண்டு முறை மாற்றினார்கள். வேலை மாறவில்லை: அரசு சொல்வதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வேன், மேலே இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், உள்ளே ஒரு மைக், தேவராஜ் என்று ஒரு டிரைவர். திருவிழா நாட்களில் காணாமல் போன குழந்தைகளின் பெயரைச் சொல்வதும், பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வதும்தான் பெரும்பாலும் எங்கள் வேலை. அன்று மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை கிராமத்துக்குச் சற்று முன்னால், ஒரு மண்டபத்தின் அருகில் வேனை நிறுத்தியிருந்தோம். பாதை அந்த இடத்தில் குறுகலானது. இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் மழைத் தண்ணீர்.

அந்தக் கணவனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏங்க, இந்தப் பக்கம் வர்றீங்க?"

"முன்னாடி தண்ணில வெஷமாம் சார். நாலு பேரு விழுந்துட்டாங்களாம். கொழந்தைங்கள வெச்சிக்கினு எப்படி போறது?"

"யாரு சொன்னா?"

"உங்க ஆளுங்கதான் சார் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல, மைக்ல."

மூட்டை வைத்திருந்த அம்மாள் இடையில் புகுந்தார். அவர் அந்த மனிதனின் மாமியார். "நான் அப்பவே சொன்னேன் சார், திரும்பி நடக்கக் கூடாதுனு. சாமிய எடப்பக்கம் வெச்சிக்கினு நடந்தா வெளங்குமா? கேக்கறானா பாருங்க. எம்பேச்சு என்னிக்குத்தான் கேட்டான்?"

"அத்தே, வாந்தி வந்து படுத்தீன்னா சாமியா வந்து தூக்கும்? நான்தான தூக்கணும்."

பத்திரிகை வேலை எனக்கு மிச்சம் வைத்த பழக்கம் ஒன்றுதான். எதைக் கேட்டாலும் 'யார் சொன்னது' என்று கேட்பது. அன்று அதற்கு வந்த பதில், நாங்களே என்பது.

நடந்தது இதுதான். இதைப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்துகொண்டேன். காலையில் அடி அண்ணாமலையில் இரண்டு யாத்ரீகர்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டோரக் கிணறு ஒன்றில் தண்ணீர் குடித்ததாக அவர்கள் சொன்னார்கள். சுகாதார ஆய்வாளர் போய், மாதிரிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, யாரும் இறைக்காதபடி கிணற்றின் மேல் முள் வெட்டிப் போட்டார். அது அவர் செய்ய வேண்டிய வேலை, சரியாகச் செய்தார். திருவிழாக் கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்கும் சொல்லி அனுப்பினார். கூடாரத்தில் இருந்த யாரோ ஒருவர் மாவட்டத் தலைமையிடத்துக்கு டிரங்கு கால் போட்டார். இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, இதைப் படிக்கும் நம் துறைக்காரர்களில் சிலர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது எல்லாவற்றுக்கும் வேலூர்தான். எங்கள் மேலதிகாரி அங்கிருந்து, கரகரவென்ற லைனில், ஒரு மறுப்பு வாசகத்தைச் சொல்ல, கூடாரத்து எழுத்தர் எழுதிக்கொண்டார். பஸ் நிலையத்தில் பக்கத்துத் தாலுகாவிலிருந்து வந்த இன்னொரு வேன் நின்றது. அதில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

"அடி அண்ணாமலை கிணற்று நீரால் காலரா பரவியுள்ளதாகக் கூறப்படும் வதந்தியைப் பொதுமக்கள் நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அப்படி ஒரு வதந்தி அதுவரைக்கும் இல்லை. காலையில் விழுந்த இருவரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் நடந்து போய்விட்டார்கள். பஸ் நிலையத்தில் இறங்கிய அத்தனை பேருக்கும் அதை முதலில் சொன்னது அரசாங்கம். நடந்து போகிறவன் ஒலிபெருக்கியை முழுதாகக் கேட்பதில்லை. இரண்டு மூன்று வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு போகிறான். அவர்கள் பொறுக்கிக்கொண்டது அடி அண்ணாமலை, கிணறு, காலரா. அங்கிருந்து மலையின் தெற்குப் பக்கமாக நடந்து, கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, கிணற்றின் மேல் முள்ளைப் பார்த்தார்கள். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் ஒன்றாயின. திரும்பினார்கள்.

தேவராஜ் வேன் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "போன மாசம் மண்ணெண்ணெ தட்டுப்பாடு இல்லனு ஊரெல்லாம் சொன்னோமே சார், ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி சாயங்காலமே கடை முன்னாடி டின்னும் கையுமா நின்னாங்க. எங்க வீட்டுலயும் போய் நின்னாங்க. நான் மைக்ல சொன்னத நம்பாம."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்ப்பக்கம் வருகிறவர்கள் ஐம்பது அறுபதாகியிருந்தார்கள். ஊரிலிருந்து வரும் கூட்டம் அவர்கள் மேல் மோதி நின்றது. ஒரு மாட்டு வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, தள்ளிக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பெண் சறுக்கி, யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்போதுதான் சப் கலெக்டர் வந்து சேர்ந்தார். வேலைக்குப் புதியவர், என்னைவிட வயதில் இளையவர். அவருடைய ஜீப் கிராமத்திலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து திரும்பும் ஜனத்தோடு நடந்து வந்திருந்தார். செருப்பில் ஒன்று எங்கோ போய்விட்டதால் இன்னொன்றையும் கழற்றி எறிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதே வாசகம். கூடாரத்திலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

"இத பாதையிலயும் படிக்கச் சொல்லி உத்தரவு. படிக்கலாமா?"

ஒரு சப் கலெக்டர் என் நிலையில் இருந்தவனிடம் 'படிங்க' என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டார். அதை நான் இன்றும் மறக்கவில்லை.

"காலரா இல்லன்னு நமக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. ஆஸ்பத்திரில விசாரிச்சேன். பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. முடிவு வர நாளாகுமாம்."

"அப்போ இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"மேல கேக்கலாமா?"

"கேட்டா, மேல கேட்டுச் சொல்றோம்பாங்க சார்."

 அவர் காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "சரி. நமக்குத் தெரிஞ்சது என்ன?"

இந்தக் கேள்வியை உங்களுக்கு அப்படியே தருகிறேன். நெருக்கடியில் நம் மேசைக்கு வருவதெல்லாம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்ற உத்தரவுகள்தான். என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியும். எங்கள் கையில் இருந்தது இவ்வளவு: ஜனங்களுக்கு வேண்டியது காலராவைப் பற்றிய விளக்கம் அல்ல, குழந்தைக்குக் கொடுக்க நல்ல தண்ணீர். மருந்து கலந்த நல்ல தண்ணீர் லாரி ஒன்று இருக்கிறது.

"அது எங்க நிக்குது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"பயணியர் விடுதில. தீபம் பாக்க வர்றவங்களுக்காக."

வருகிறவர்கள் யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அரசு வேலையில் இருக்கிற யாருக்கும் புரியும். அவர்கள் வந்து இறங்கும்போது விடுதியில் தண்ணீர் இல்லை என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

"கிராமத்துல போலீஸ் வயர்லெஸ் ஜீப் இருக்கு," என்றார். "வாங்க."

தேவராஜிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போனேன். "கொழந்தையோட வந்தவங்க மண்டபத்துல உக்காந்து எளப்பாறிக்கங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாதே."

"தண்ணி லாரி வருதுன்னு சொல்லட்டா சார்?"

"வரட்டும். வந்து நின்ன பிறகு சொல்லலாம்."

வரும் என்று சொல்வது எங்கள் துறையின் பழைய நோய். வருகிறது, வரவிருக்கிறது, விரைவில் வரும். அன்றைக்கு வழியில் லாரி நின்றுபோயிருந்தால், அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி எந்தப் பக்கமும் நடக்கவைத்திருக்க முடியாது.

கிராமத்தில் கூட்டம் ஒரு கீற்றுப் பந்தலின் முன்னால் நின்றது. பந்தலுக்குப் பின்னால் கிணறு, கிணற்றின் மேல் கருவேல முள். பந்தலில் இட்லிக் கொப்பரைகள் ஆறிக் கிடந்தன. அரைத்த மாவு இரண்டு அண்டாவில் மூடி இருந்தது. கடைக்காரர் பெயர் பச்சையம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிணறும் அதை ஒட்டிய கீரைத் தோட்டமும் அவர்கள் குடும்பத்துடையவை. கணவர் ஏழுமலை தோளில் துண்டோடு ஓரமாக நின்றார். பேச்சு எல்லாம் பச்சையம்மாளுடையது. எதிரில் பிளீச்சிங் பவுடர் டின்னோடு சுகாதார ஆய்வாளர்.

"இதே கெணத்துலதான் எம்புள்ளைங்க குடிக்குது. எங்க மாடு குடிக்குது. போன வருசம் உங்க தாசில்தாரு குடிச்சாரு. யாருக்கு இன்னா ஆச்சு?"

"மாட்டுக்கெல்லாம் காலரா வராதும்மா."

"அப்ப தாசில்தாருக்கு?"

நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் திரும்பினார். சட்டைப் பையில் பேனாவும் கையில் காகிதமும் இருந்தது போதும் போலிருக்கிறது.

"நீதான் மைக் ஆபீஸரா? பஸ் ஸ்டாண்டுல எங்க கெணத்த வெச்சி பாட்டு படிச்சது நீதானா?"

"நான் இல்லம்மா. எங்க ஆபீஸ்."

"ஆபீஸ்னா அதுல ஆளு கெடையாதா? செவுருதான் பேசுச்சா?"

பச்சையம்மாள் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தக் கூட்டம் நாளைக்கிப் போயிடும் சார். ஊரு போவுமா? இந்தக் கெணத்துத் தண்ணி பட்ட கீரைய இனிமே யாரு வாங்குவா? இங்க பாரு, முள்ள எடுக்கச் சொல்லு. எடுத்துட்டு, பச்சையம்மா கெணறு நல்ல கெணறுனு உன் மைக்ல ஒரு வார்த்த சொல்லு. போதும்."

"பரிசோதன முடிவு வரலம்மா. தெரியாம எப்படி சொல்றது?"

"தெரியாமதான காலரானு சொன்னீங்க? அதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?"

 

சப் கலெக்டர் வயர்லெஸில் இரண்டு காரியம் சொல்லிவிட்டு வந்தார். பஸ் நிலைய வேன் அந்த வாசகத்தை உடனே நிறுத்த வேண்டும். விடுதி லாரி காஞ்சி ரோடு வழியாக அடி அண்ணாமலைக்கு வர வேண்டும். மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். "என் பேர எழுதிக்கங்க" என்று அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

லாரி வந்தது. டிரைவர் கோயில் முன்னால் இருந்த திறந்த இடத்தில் நிறுத்தப் பார்த்தார். நான் கையைக் காட்டி, பச்சையம்மாள் பந்தலுக்கு நேர் எதிரில் கொண்டுவரச் சொன்னேன். சுகாதார ஆய்வாளருக்கு அது பிடிக்கவில்லை.

"கெணத்துக்குப் பக்கத்துலயா சார்? வேணும்னே செஞ்சாப்ல ஆயிடும்."

"எல்லாரும் திரும்பறது இங்கதான் சார். தண்ணியும் இங்கதான் இருக்கணும்."

சப் கலெக்டர் தலையாட்டினார். லாரி ரோட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில் நின்றதும் ஒன்று கவனித்தேன். ரோட்டில் நடந்து வருகிறவர்களுக்கு இப்போது லாரிதான் தெரிந்தது. முள் தெரியவில்லை. முள்ளை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கிணற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. பச்சையம்மாள் அதற்காக என்னைத் திட்டினார். அந்தத் திட்டையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஓட்டமும் நடையுமாக வேனுக்குத் திரும்பினேன். மண்டபம் நிறைந்து, படிகளும் நிறைந்திருந்தன. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கக் கூட்டம் நின்றிருந்ததே தவிரக் கலையவில்லை. யாராவது ஒருவர் சத்தமாக ஏதாவது சொல்லியிருந்தால் போதும், அந்தப் பள்ளத்தில் ஆட்கள் விழுந்திருப்பார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"அடி அண்ணாமலையில், பச்சையம்மாள் இட்லிக் கடைக்கு எதிரில், குடிதண்ணீர் லாரி நிற்கிறது. மலையை வலக்கைப் பக்கம் வைத்து மெதுவாக நடந்து வாருங்கள்."

அவ்வளவுதான். காலரா, கிணறு, வதந்தி, நம்ப வேண்டாம் என்று எதுவும் இல்லை. பொறுக்கிக்கொண்டு போகிறவன் எதைப் பொறுக்கினாலும் கெடுதல் வராதபடி அமைத்த வாக்கியம் அது. பச்சையம்மாள் பெயரைச் சொன்னது அடையாளத்துக்காக. அடையாளம் சொல்ல எதிரில் கோயில் இருந்தது, புளிய மரம் இருந்தது. அவர் பெயரைத்தான் சொன்னேன். நல்ல கிணறு என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, ஆதாரமும் இல்லை. காலையிலிருந்து அந்தக் கிணற்றோடு ஒட்டியிருந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வேறொரு வார்த்தையை வைக்க முடியும் என்று தோன்றியது. பத்திரிகையில் தலைப்பு எழுதிப் பழகியவனுக்கு அது தெரிந்த வேலை.

மூன்றாவது முறை சொன்னபோது மூட்டைக்கார மாமியார் எழுந்தார். மருமகனைக் காலால் லேசாக உதைத்தார்.

"எழுந்திருடா. தண்ணி நிக்குதாம்."

"யாரு அத்தே அந்தப் பச்சையம்மா?"

"எவளா இருந்தா இன்னா? இட்லியும் இருக்குதாம். நட."

அவர்கள் நடந்தார்கள். மலை வலக்கைப் பக்கம் வந்தது. அவர்களைப் பார்த்துப் பத்துப் பேர் எழுந்தார்கள். எதிர்த்து வந்தவர்கள் தயங்கி, நின்று, போகிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். வயர்லெஸில் சொல்லி அனுப்பியதும் பஸ் நிலைய வேனிலும் அதே வாக்கியத்தைப் படித்தார்கள். பிறகு நான் போய்ப் பார்த்தபோது பச்சையம்மாள் லாரித் தண்ணீரைக் காய்ச்சிக் கொப்பரையில் ஊற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் இட்லித் தட்டோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தது, பாதை முழுக்க ஒரே குரல் எழுந்தது. அப்போது சப் கலெக்டர் மண்டபத்தின் அருகில், வெறுங்காலோடு, அந்த மாட்டு வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

விடுதிக்கு வந்தவர்களுக்கு அன்றிரவு வாளியில்தான் தண்ணீர் கிடைத்தது. அதற்காக விளக்கம் கேட்டு சப் கலெக்டருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கொடுத்த வாசகத்தைப் பாதையில் ஏன் படிக்கவில்லை என்று எனக்கு ஒன்று. அவர் என்னைக் கூப்பிட்டு, "நான் வேண்டாம்னு சொன்னேன்னு எழுதிடுங்க" என்றார். நான் அப்படி எழுதவில்லை. அவர் என்னைக் கேட்டதையும், நான் சொன்னதையும், இருவரும் சேர்ந்து முடிவு செய்ததையும் நடந்தது நடந்தபடி எழுதினேன். விளக்கம் ஏற்கப்பட்டதா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் தருமபுரிக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. விசாரித்ததில், மூன்று வருடம் முடித்த எல்லோருக்கும் வந்திருந்தது. அரசு நம் மேல் கோபப்படுகிறது என்று நாம் நினைக்கும் நேரங்களில் பாதிக்கு மேல் அது நம்மை நினைத்துக்கூடப் பார்த்திருக்காது. புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் தூங்கலாம்.

மாற்றலுக்கு முன், தை மாதத்தில், பரிசோதனை முடிவு வந்தது. அந்த இருவருக்கும் காலரா இல்லை, அவர்கள் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. வதந்தியை மறுக்க ஒரு மணி நேரத்தில் டிரங்கு காலில் வாசகம் வந்தது. இதை அறிவிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அறிவிக்கக் கூடாது என்றும் உத்தரவு இல்லை. நானே வேனை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன்.

பச்சையம்மாள் தோட்டத்தில் இருந்தார். முள் போயிருந்தது. முடிவைச் சொன்னேன்.

"இப்ப வந்து சொல்றியே சார். யாருக்குச் சொல்ற?"

"ஊருக்குச் சொல்றேன். மைக் எடுத்துக்கினுதான் வந்திருக்கேன்."

"ஊருக்குத் தெரியும் சார், நாங்க சாவலனு. டவுன்ல கீர வாங்கறவங்களுக்குத்தான் தெரியல. எங்க தோட்டத்துக் கீரனு சொன்னா கைய எடுத்துடறாங்க. எங்க அண்ணி கூடையில போட்டு அனுப்பறேன். அவங்க தோட்டம்னு சொல்லி வித்துக்கினு வராங்க." கீரையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கிக் கேட்டவன்லாம் விழுப்புரத்துலயும் சேலத்துலயும் இருக்கான். அவங்கிட்ட போய் சொல்லுவியா? அடுத்த கார்த்திகைக்கு வருவாங்க, அப்ப வந்து சொல்லு."

அப்படியும் நான் மைக்கில் சொன்னேன். கேட்டவர்கள் கிராமத்துக்காரர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.  முடிவின் ஒரு நகலைத் திருவிழாக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போனேன். அதை யாரும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த கார்த்திகைக்குத் திருவிழாப் பணிக்காகத் தருமபுரியிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். சப் கலெக்டரும் மாறிப் போயிருந்தார். ஏற்பாட்டுக் கூட்டத்தில், வழக்கம்போல, ஒவ்வொரு இனத்துக்கும் 'சென்ற ஆண்டு போலவே' என்று படித்துக்கொண்டு போனார்கள். பந்தோபஸ்து, சென்ற ஆண்டு போலவே. விளக்கு, சென்ற ஆண்டு போலவே. குடிதண்ணீர் லாரி, அடி அண்ணாமலை, பச்சையம்மாள் கடைக்கு எதிரில், சென்ற ஆண்டு போலவே. ஏன் அங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வழக்கத்தைப் பல வருடம் கேலி செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை.

ஒரு பொறியாளர் மட்டும் ஒரு சிக்கலைச் சொன்னார். கூட்டம் சேர்ந்த பிறகு லாரி டவுனுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வர முடியாது, பாதையிலேயே ஒரு கிணறு வேண்டும். ஆனால் பரிசோதனைச் சான்று இல்லாத கிணற்றிலிருந்து எடுக்க விதி இல்லை. கோப்பைப் புரட்டினார்கள். மலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒன்றுக்குத்தான் சான்று இருந்தது.

தீபத்தன்று காலை பத்து மணிக்கு அடி அண்ணாமலைக்குப் போனேன். பச்சையம்மாள் கடையில் கூட்டம். எதிரில் லாரி நின்றது, ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனை லாரியில் இருந்தது. மறுமுனை பச்சையம்மாளின் கிணற்றில் இருந்தது.